பவளக்கொடியின் மூன்றாவது டப்பா

நான் இருமினால் ஆஸ்பத்திரி வேப்பமரத்துக் காக்கைகள் மயங்கி விழும். ஆனால் காசநோய்ப் பரிசோதனைக்கு என் மனைவி பவளக்கொடி கொடுத்த இரண்டு டப்பாக்களும் திரும்பி வந்துவிட்டன.

"இது வெறும் எச்சில். நெஞ்சுச்சளி பாக்காம டாக்டர் மருந்து எழுத மாட்டாரு. இந்தம்மாவுக்கு வராது ஐயா" என்று லேப் பெண் எஸ்தர் கைவிரித்தாள்.

இரண்டு மாதக் காய்ச்சலில் பவளம் பாதியாகியிருந்தாள். மூன்றாவது டப்பாவோடு மரத்தடிக்கு அழைத்துப் போய், "அடிவயித்துலருந்து இழு, இப்படி" என்று இருமிக் காட்டினேன். இருமிய வேகத்தில் என் வேட்டி அவிழ்ந்துவிட, ஊரே பார்த்தது.

"ஐயோ, மானத்த வாங்காதீங்க!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவே இல்லை; டப்பாவை அவள் வாயருகே பிடித்தேன்.

டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எஸ்தர், "சளிதாங்கய்யா. வந்திருச்சு" என்றாள், சிரிப்பை அடக்க என் முகத்தைப் பார்க்காமல்.