உயிருள்ள கால்

கொல்லனின் பட்டடைக் கல்லின் மேல் அந்த வீரன் இடது காலைத் தூக்கி வைத்தான்.

கணுக்காலில் வீரக்கழல். அரசருக்கு ஒன்று நேர்ந்தால் தன் உயிரையும் விடுவதாக வாளைத் தொட்டுச் சொன்ன நாளில் பூட்டியது. ஆணி அடித்து மூடியது.

கழலைப் பார்த்ததும் கொல்லன் எழுந்து நின்றான். தோளில் கிடந்த துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இத எதுக்குங்கய்யா கழட்டணும்?"

சொல்ல வேண்டியிருந்தது.

அரசருடையது கடல் தாண்டி ஆண்ட குலம். நேற்றுவரை கப்பம் கட்டிய சிற்றரசன் அரசரை வழிமறித்துச் சிறை வைத்து நான்கு நாள் ஆகிறது. அவனுடைய குதிரைவீரர்கள் கொள்ளிடத்துத் துறையில் நிற்கிறார்கள். படகேறும் ஒவ்வொருவனின் காலையும் பார்க்கிறார்கள். கழல் இருந்தால் அங்கேயே வெட்டுகிறார்கள்.

"கூட இருந்தவங்கள்லாம்?"

பதினொரு பேர். செய்தி வந்த அன்று இலுப்பை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சொன்ன சொல்லுக்குத் தம் கழுத்தைத் தாமே அரிந்துகொண்டார்கள்.

பன்னிரண்டாவது இடம் அவனுடையது. பதினொருவரில் கடைசியாக உட்கார்ந்த காடன் புல்லைத் தட்டிவிட்டு அவனுக்கு இடம் வைத்திருந்தான்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் குளக்கரைக்குப் போனான் அவன்.

அதைச் சொல்லவில்லை.

"போய்ட்டாங்க" என்றான்.

கொல்லன் துருத்தியை அழுத்தினான். உலை மூச்சு விட்டது.

"அக்கரைல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"யாருமில்ல."

கொல்லன் அவன் காலைக் கல்லிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"உசிருள்ள கால்ல நாங்க உளி வைக்கறதில்ல. எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான். பொணத்துக்குத்தான் கழட்டுவோம்."

துறைப்பக்கம் புழுதி எழும்பியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"படுத்தா கழட்டுவீங்களா?"

கேட்டது தானென்று அவனுக்குச் சற்றுப் பொறுத்தே தெரிந்தது.

தெற்கே தலை வைத்துப் படுத்தான். கொல்லன் அவனுடைய கால் பெருவிரல்கள் இரண்டையும் கிழிந்த துணியால் சேர்த்துக் கட்டினான். பிறகு வீட்டுப்பக்கம் திரும்பினான்.

"சாத்தி, வாய்க்கரிசி எடுத்தா. இங்க ஒண்ணு கெடக்கு."

கொல்லனின் மனைவி சாத்தி வந்தாள். முறத்தில் நனைத்த அரிசி. குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"பேருக்கு ஒரு கொரல் அழுதுட்டுப் போடு."

"இதுக்கா? எனக்கு வரல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உளி இறங்கியது. எலும்பு அதிர்ந்தது. பிணம் காலை இழுக்காது. அவனும் இழுக்கவில்லை.

அவள் விரல்கள் அவன் உதட்டை விலக்கின. முதல் பிடி விழுந்தது.

நான்கு நாளாக வயிற்றில் தண்ணீர் மட்டும்.

அரிசியைக் கன்னத்தில் ஒதுக்கிவைக்கப் பார்த்தான். நாக்கு கேட்கவில்லை. பல் கேட்கவில்லை. உலைச் சத்தத்துக்கு மேல் அது நறநறவென்று கேட்டது.

சுத்தியல் நின்றது.

விழுங்கினான்.

கொல்லன் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினான். கழல் இரண்டாகப் பிளந்து மண்ணில் விழுந்தது. விரல்களைக் கட்டிய துணியையும் அவிழ்த்துவிட்டான்.

"ஆச்சு. எந்திரிச்சுப் போ."

வாய்க்கரிசி மூன்று முறை போடுவது வழக்கம். இரண்டாவது பிடியோடு அவள் கை அந்தரத்தில் நின்றது.

அவன் எழுந்திருக்கவில்லை.

வாயைத் திறந்தான்.