மஞ்சள் ஒயர்

"அந்தக் கையை வச்சுக்கிட்டு அப்பா திருகணுமா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

பின் சீட்டிலிருந்து அண்ணன் கத்தினான். தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் அப்பா. பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் கையைத்தான் நீட்டி, கார் ஸ்டீரியோவின் குமிழைப் பிடித்து, நடுங்க நடுங்கத் திருகிக்கொண்டிருந்தார். செட்டு கொர்ரென்று இரைந்தது.

"என்னத்த ஒயரிங் பண்ணித் தொலைச்சியோ! வண்டியை எடுக்கிறப்பல்லாம் ஸ்டேஷனை மறந்துடுது, சனியன்!" அப்பா சீறினார்.

"அடுத்த வாரம் பார்க்கிறேன்ப்பா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே!"

ஒருவழியாகப் பழைய பாட்டு போடும் ஸ்டேஷன் சிக்கியது. அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு வெளியூரில் வேலை. எப்போதாவது எட்டிப் பார்ப்பான். வந்தால் வீட்டில் நாலு குறை கண்டுபிடிக்காமல் பஸ் ஏற மாட்டான். இந்தத் தடவை ஸ்டீரியோ மாட்டியது.

கடையில் கொடுக்காமல், போனில் வீடியோ பார்த்து அவளே மாட்டினாளாம். ஊரே தொடுதிரை வாங்கும்போது, தேடிப் பிடித்துக் குமிழ் வைத்த செட்டு வேறு. கஞ்சத்தனம், அசட்டுத்தனம், இரண்டும் சேர்ந்தால் இவள்தான் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பியதும், ஸ்க்ரூடிரைவரோடு காருக்குள் நுழைந்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, செட்டை வெளியே இழுத்தான். பின்னால் ஒரு கொத்து ஒயர். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு, இணைப்புக்கு இணைப்பு டேப். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கே ஏமாற்றமாக இருந்தது.

ஒரே ஒரு மஞ்சள் ஒயர் மட்டும் எதிலும் சேராமல், நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடங்கிக் கிடந்தது.

போனில் தேடினான். வண்டியை நிறுத்தினாலும் செட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருப்பது மஞ்சள் ஒயர். அது இல்லாவிட்டால் செட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"இதையே மாட்டலையா, மண்டு!"

மாட்டினான். எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்டேஷனைப் பிடித்து, வண்டியை அணைத்துச் சாவியைத் திரும்பப் போட்டான். கொர் இல்லை, இரைச்சல் இல்லை, சட்டென்று பாட்டு! வெற்றி! ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் தங்கை கேட்டைத் திறந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"எதுக்குண்ணா அதைத் தொட்டே?"

"எதுக்கா? ஒரு ஒயர்! ஒரே ஒரு ஒயரை மாட்டத் தெரியலை உனக்கு!"

"மாட்டித்தான் வச்சிருந்தேன். அப்புறம் நானே கழட்டி விட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கைக்குப் பயிற்சின்னு டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். நான் என்ன பச்சைக் குழந்தையான்னு அப்பா தூக்கி எறிஞ்சுட்டார். பந்தை எறிவார், பாட்டை விட மாட்டார். செட்டு மறந்தாதானே அவர் திருகுவார்? முதல்ல இடது கையால வலது கையைத் தூக்கி வச்சுத்தான் திருகினார். நேத்து இடது கை மடியிலேயே இருந்துச்சு. பார்க்கலையா?"

அவன் நேற்று அப்பாவின் வியர்வையைத்தான் பார்த்திருந்தான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா இதையும் விட்டுடுவார். மூச்சு விடாதே அண்ணா."

அவள் பையோடு உள்ளே போய்விட்டாள். அசடு வழிய, அண்ணன் மறுபடி செட்டை இழுத்து, ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி உள்ளே தள்ளினான். நிமிர்ந்தால் கதவருகே அப்பா.

"தள்ளு."

"நீங்க அந்தப் பக்கம் உட்காருங்கப்பா."

"தள்ளுடான்னா!"

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், கை விழுந்தபிறகு முதல்முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வலது கையைச் சாவிக்கு நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்தன. கை நடுங்கியது, உதட்டைக் கடித்தார். சாவி திரும்பியது.

எஞ்சின் உறுமியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கை, டிரைவர் சீட்டில் யார் என்று பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் இரண்டு கையையும் தூக்கி, "அப்பாவேதான் ஸ்டார்ட் பண்ணினார்!" என்று கூவினான்.

அப்பா செட்டைப் போட்டார். கொர்ர்ர்.

"பாரு, மறுபடி மறந்துடுச்சு! என்னத்த ஒயரிங் பண்ணியோ!"

"அடுத்த வாரம் கண்டிப்பா பார்க்கிறேன்ப்பா!" சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிவிட்டு, படம் எடுக்க போனைத் தேடி உள்ளே ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் அப்பாவின் வலது கை அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. நல்ல பிடி.

"மஞ்சள் ஒயர் நுனியில டேப்பை நல்லா சுத்தினியா? எதுலயாவது உரசினா ஃப்யூஸ் போயிடும்."

"அப்பா! உங்களுக்கு..."

"லாரிக்காரன்டா நான். எந்த ஒயர் எதுக்குன்னு தெரியாதா? பந்தை எறிஞ்ச அன்னிக்கு அவ அழுதுட்டா. இப்ப நான் திட்டத் திட்ட சிரிக்கிறா. அவகிட்ட மூச்சு விடாதே!"