மூச்சை இழுத்து விடுங்க!

"பயமா இருக்கும்மா. போன மேட்ச்ல அந்த ரன் அவுட் என்னாலதானே?" என்று புலம்பினார் கணவர்.

"போனது போச்சு. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஸ்கோர்போர்டைப் பார்க்காதீங்க. வர்ற பந்தை மட்டும் பாருங்க" என்றாள் மனைவி.

"இன்னைக்கும் சொதப்பிட்டா டீம்ல இடம் போயிடுமே!"

"அட, போகாதுங்க. கூட்டம் என்ன கத்தினாலும் காதுல வாங்காதீங்க."

அம்பயர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மட்டையைக் கையில் எடுத்தாள். ஒரு பெரிய பாப்கார்ன் பொட்டலத்தைக் கணவரிடம் திணித்தாள்.

"நான் அவுட் ஆகிற வரைக்கும் உங்க வாய் நிறைய இது இருக்கணும். போன தடவை மாதிரி கேலரியிலிருந்து 'ஓடு, ஓடு'ன்னு கத்தினீங்க, மட்டையோட அங்கேயே வந்துடுவேன்!"