பழைய தொட்டிலுக்குப் பேரம்

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தத் தினைக்குருவியின் அவசரத்தைக் கேளுங்கள். அவன் பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ முட்டை. புதுக்கூட்டுக்கு வசதியில்லை. தூக்கணாங்குருவி எப்போதோ விட்டுப்போன பழைய கூடு ஒன்று பனையில் தொங்கியது. சும்மாவே எடுத்துக்கொண்டிருக்கலாம். அவனோ ரொம்ப நாணயஸ்தன். கீழே நின்று, "வீட்டுக்காரரே, கூடு விலைக்கு வருமா?" என்று கேட்டான்.

எந்தக் குரலிலும் பேசும் மைனாவான எனக்கு அது போதாதா? ஓலைக்குப் பின்னாலிருந்து கிழவன் மாதிரி கரகரத்தேன். "என் பிள்ளைங்க எல்லாம் படுத்து வளர்ந்த ராசியான தொட்டில், தம்பி. ஒரு தினைக்கதிர் வை."

"வாசல் கிழிஞ்சிருக்கேண்ணே!"

உடனே அணில் குரலில் கீச்சிட்டேன். "நான் ரெண்டு தர்றேன்!"

அவன் பதறிப்போய் மூன்று கொண்டுவந்தான். புறா ஒன்று நாலு தருவதாகச் சொன்னது. அதுவும் நான்தான். "பழசுக்கே இந்தக் கொள்ளையா!" என்று புலம்பிக்கொண்டே வயலுக்கும் பனைக்குமாக அலைந்தான். கடைசியில் சிறகு ஓய்ந்து, "கூடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், போங்கய்யா!" என்று கத்தினான். விடுவேனா? அவன் பெண்டாட்டி குரலிலேயே கெஞ்சினேன். "என்னங்க, விட்றாதீங்க. இன்னும் ஒரு கதிர் வைங்க."

கூட்டுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நிஜப் பெண்டாட்டி.

"நான் அப்பவே உள்ளே வந்து முட்டையும் போட்டுட்டேன். நீங்க யார்கிட்டங்க பேரம் பேசிக்கிட்டிருக்கீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, ஓலையைப் பார்த்தான்.

"டேய் மைனா!"