கதிரே பிரபுவின் வாரிசு

"சச்சி அண்ணே, மாட்டிக்கிட்டோம். இந்தம்மா கதிரே பிரபுவோட பரம்பரையாம்!"

ராதா சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். பக்கத்திலேயே அந்த வெள்ளைக்கார மூதாட்டி நின்றார். தமிழில் அலறினாலும் முகம் சிரிக்க வேண்டுமே.

மெல்பேர்ன் மலைச்சாலையில் ராதா திறக்கப்போகும் தேநீர் விடுதிக்கு, ஐந்நூறு வருடப் பழைய இங்கிலாந்து டியூடர் மாளிகை மாதிரியே ஒரு கட்டடம் வரைந்து கொடுத்தவர் சச்சிதானந்தன். கறுப்பு உத்தரம், வெள்ளைச் சுவர், மெனக்கெட்டுக் கோணலாக்கிய கூரை. டண்டினொங் தொழிற்சாலையில் ஏழு வருடம் அட்டைப்பெட்டி மடித்த அந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞருக்கு இங்கே கிடைத்த முதல் கட்டடம். நாளை திறப்பு விழா.

பழைய வீடென்றால் பழங்கதை வேண்டும். அதையும் அவரே எழுதினார். 1541இல் சேர் தோமஸ் கதிரே கட்டிய மாளிகை. உத்தரம் உத்தரமாகக் கழற்றி, இலக்கம் போட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. வாசலில் பித்தளைப் பலகையே அடித்தாயிற்று. அடியில் பொடி எழுத்தில் அவர் பெயரும் உண்டு.

"நெசமாவே அப்படி ஒரு பிரபு இருந்தாரா அண்ணே?"

"எங்க இருந்தவர்? பேர் ஒண்டும் வரேல்லை. குசினியில கதிரையில இருந்து எழுதினனான். கதிரை... கதிரே... கேக்க இங்கிலீஷ் மாதிரி இருந்தது."

"கதிரைன்னா?"

"நீங்கள் மலேசியாவில நாற்காலி எண்டுறியள்."

ராதாவின் சிரிப்பு உறைந்தது. "நாற்காலிக்கா பித்தளைப் பலகை அடிச்சேன்? பேப்பர்ல போட்டா ஊரே சிரிக்கும் லா!"

மூதாட்டி உத்தரத்தைத் தடவியபடி ஆங்கிலத்தில் கேட்டார்: "பிரபுவுக்கு இரண்டு கையும் இல்லையாமே? கடைசிவரை நாலு பேர்தான் தாங்கினார்களாம். எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மையா?"

"இருக்கலாம், மேடம்" என்றார் சச்சிதானந்தன்.

"அப்படியே சமாளிங்க அண்ணே. போயிடுவாங்க."

"இல்லை ராதா. இந்த வயசில பூட்டன் ஒருத்தர் கிடைச்ச சந்தோசத்தில நிக்கிறா, பாவம். அவவை ஏமாத்தேலாது. சொல்லப்போறன்."

"சொன்னா பலகையைக் கழட்டணும். உங்க பேரும் போயிடும்."

"போகட்டும். திரும்ப அட்டை மடிக்கிறன். கை இன்னும் மறக்கேல்லை."

மூதாட்டியின் முன் போய் நின்றார். தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினார். "மன்னிக்க வேண்டும், மேடம். அப்படி ஒரு பிரபு இல்லை. முழுக்க என் கற்பனை."

மூதாட்டி உத்தரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் தாதியாக வேலை பார்த்தவரின் அச்சு அசல் தமிழில் சொன்னார்:

"பலகையைப் பாத்த உடனயே தெரியும் தம்பி. இப்ப மூலையில நிக்கிற என்ர கையில்லாத நாலுகால் பூட்டனை ஒருக்கா இஞ்சால இழுத்து விடும், இருக்கவேணும், கால் நோகுது."