ஆளில்லாத கோட்டை

கடத்தூர்க்காரர்களின் இடத்துக்குத் தீ வைத்தபோது ஆண்டோ பயப்படவில்லை. இப்போதுதான் பயந்தான். தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே தூணை ஒட்டி நின்றிருந்தான்.

"அரூர் ஆண்டோ யாருங்க? கடத்தூர்லருந்து ஒருத்தர் தேடிக்கிட்டு வந்திருக்கார். மேல அனுப்பட்டுங்களா?" வாட்ச்மேன் கேட்டார்.

ஆண்டோ தலையை எப்படி ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாட்ச்மேன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எரிந்தது செல்போன் விளையாட்டில் ஒரு கோட்டை. அதற்காக நேரில் அடிக்க வருவார்களா? மாரண்டஹள்ளியில் இதே விளையாட்டுத் தகராறில் ஒருத்தனுக்குப் பல் உடைந்த கதை அவனுக்குத் தெரியும்.

அரூர் கோஷ்டிக்கு ஆண்டோ தலைவன். கடத்தூர் கோஷ்டிக்கு 'மலைச்சிறுத்தை' என்ற பெயரில் ஒருவர். முகம் பார்த்ததில்லை, பகை மட்டும் வருஷக்கணக்காக வளர்ந்திருந்தது.

ஆனால் பகைக்குள்ளும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். வீட்டில் நல்லது கெட்டது என்றால் வெள்ளைக்கொடி ஏற்றலாம். அது இறங்கும்வரை இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. நரிப்படை என்று மூன்றாவதாக ஒரு கோஷ்டி உண்டு. அவர்களுக்குத்தான் கொடியும் கிடையாது, நியாயமும் கிடையாது.

நேற்று கொடி ஏற்றியது ஆண்டோதான். வண்டியிலிருந்து விழுந்து அப்பா சவுரியப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு ஆபரேஷன் என்றெல்லாம் சொல்லிச் செய்தி போட்டான். மலைச்சிறுத்தை உடனே பதில் போட்டிருந்தார்: "அப்பாவ பாருங்க. கோட்டைய பத்தி கவலப்படாதீங்க."

இன்று காலை அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள்.  பயத்தை மறக்கத்தான் ஆண்டோ போனை எடுத்தான்.

பார்த்தால் கடத்தூர்க் கோட்டையில் ஒரு சிப்பாய்கூட இல்லை. வாசல் திறந்து கிடந்தது. ஆண்டோவின் படை எல்லையிலேயே முகாம் போட்டிருந்தது, விரலால் தொட்டால் போதும். இவ்வளவு படையும் எங்கே போனது என்று அவன் யோசிக்கவில்லை. எத்தனை நாள் ஏங்கிய கோட்டை! விரல் தொட்டுவிட்டது.

எரிந்து முடிந்த பிறகுதான் செய்தது உறைத்தது. அவனுடைய கோஷ்டியிலேயே மோனிஷா கேட்டாள்: "அண்ணா, கொடி ஏத்துனதே நாமதானே?" அதற்குக் கீழே இன்னும் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தாள். படிக்கத் தைரியமில்லாமல் போனை அணைத்துப் பையில் போட்டான். உள்ளே அப்பா உயிருக்குப் போராடும்போது வெளியே மகன் செய்த காரியம் இதுவா என்று நினைக்க நினைக்கக் கூசியது.

படியேறி வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் கிரீஸ் கறை. கையில் தூக்குப்போசி.

"நீங்கதான் ஆண்டோங்களா? நான் சென்றாயன். மலைச்சிறுத்தைன்னு சொன்னா தெரியும்."

ஆண்டோ தன்னையறியாமல் பின்னால் நகர்ந்தான்.

"அப்பாவுக்கு எப்படி இருக்குதுங்க தம்பி? உங்க போன் ஆஃப் ஆயிட்டுது. ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு மனசு கேக்கல, பட்டறைய சாத்திட்டு பஸ் ஏறிட்டேன்."

"இன்னும் உள்ளதான் இருக்கார்ங்கண்ணா."

"நல்லபடியா வந்துருவார், பயப்படாதீங்க. காலைலருந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. வூட்ல இட்லி குடுத்தாங்க, புடிங்க."

கோட்டை எரிந்தது இவருக்குத் தெரியாதோ? ஒரு கணம் ஆண்டோவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அவனை இன்னும் சின்னவனாக்கியது.

"அண்ணா, உங்க கோட்டைய எரிச்சது நான்தான். கொடிய ஏத்திட்டு நானே..."

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏண்ணா வந்தீங்க? ரெண்டு திட்டாவது திட்டுங்க."

"எங்க பசங்களுக்குக் கோவம்தான். இந்த நெலமைல இருக்கறவன் புத்தி ஒரு நிமிசம் எங்கியாவது போவும், விடுங்கடான்னு சொல்லிட்டேன்."

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சவுரியப்பனோட வந்தவங்க யாருங்க? ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு பாக்கலாம்."

ஆண்டோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்தது. சென்றாயன் பக்கத்தில் குந்தி, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கை பட்ட இடமெல்லாம் சுட்டது.

கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணா. அவ்வளவு பெரிய கோட்டைய எப்படி ஆளே இல்லாம வுட்டீங்க?"

சென்றாயன் சொல்லலாமா வேண்டாமா என்று தரையைப் பார்த்தார்.

"நரிப்படை உங்க கோட்டைய அடிக்கக் கெளம்பிட்டானுங்க தம்பி. எங்க ஆளுங்க அத்தன பேரும் உங்க வாசல்லதான் காவல் நின்னாங்க."