பதினொரு நாள் நீலம்

"நீலம்! இஞ்சை பாரும் பாமா, இண்டைக்கும் நீலம்!"

ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிய கண்ணாடிக் குழாயை உயர்த்திப் பிடித்தபடி சமையலறைக்குள் ஓடினார் அம்பிகைபாகன். மலாயாவில் லாபிஸ் ரயில் ஸ்டேஷன் மாஸ்டரான அவருக்கு அன்று காலை பத்து வயசு குறைந்துபோயிற்று.

மூத்த மகள் சரோஜினிக்குப் பன்னிரண்டு வயது. நீரிழிவு வந்து ஒன்றரை வருஷம். தினமும் விடிந்ததும் அவளுடைய சிறுநீரில் எட்டுச் சொட்டை நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைப்பார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகிவிடும். இல்லாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும்.

சிவந்த அன்றைக்குப் பிள்ளைக்கு முழுப் பட்டினி. மற்ற நாட்களில் மூன்று தண்ணீர் மாற்றி அவித்த கீரையும் ஒரு முட்டையும். இதைவிட வேறு வைத்தியம் இந்த ஊரில் இல்லை என்று பெரிய டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள்.

அம்பிகைபாகன் சரியான பிடிவாதக்காரர். "பிள்ளை பட்டினி கிடக்க எனக்குச் சோறு இறங்குமோ?" என்று சிவந்த நாளெல்லாம் அவருக்கும் பச்சைத் தண்ணீர்தான். மனைவி சத்தியபாமா அழுது பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. வாரத்தில் ஐந்து நாள் சிவந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒருநாள் பிளாட்பாரத்தில், கையில் கொடியோடு, மயங்கிச் சாய்ந்தார். நெற்றியில் நாலு தையல்.

அதற்குப் பிறகுதான் கடவுள் கண்ணைத் திறந்தார். தொடர்ந்து பதினொரு நாள் நீலம்!

வீட்டிலும் ஒரு கலகலப்பு வந்துவிட்டது. எப்போதும் கீரியும் பாம்புமாய் நிற்கும் பிள்ளைகள் இரண்டும் இப்போது ஒற்றுமை. முன்பெல்லாம் சரோஜினி விடியற்காலையில் சிறுநீர் பிடிக்கச் சீசாவை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்பக்கம் போவாள். இப்போது இருட்டுக்குப் பயம் என்று எட்டு வயதுத் தங்கை பூரணத்தை எழுப்பிக் கையோடு கூட்டிப்போகிறாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை இன்னும் மெலிஞ்சுகொண்டுதானே போறாள்," என்றாள் சத்தியபாமா.

"ஒண்டரை வருஷத்து வருத்தம். ஒரே நாளிலை சதை பிடிக்குமோ? நான் கண்ணாலை பாக்கிற நீலம் பொய்யோ?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பத்தரை மணிக்கு ஜொகூர் பாரு பக்கமிருந்து ரயில் வந்து நின்றது. டாக்டர் சதாசிவம் ஒரு ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் கனடாவில் நீரிழிவுக்குக் கண்டுபிடித்த புது ஊசி மருந்து. இதற்காக எட்டு மாதம் கடிதம் எழுதி எழுதி அம்பிகைபாகனுக்குக் கை ஓய்ந்திருந்தது.

"மாஸ்டர், வந்தது ஒரு பிள்ளைக்குத்தான் காணும்," என்றார் டாக்டர். "இந்த ரயில் போற சிகாமட்டிலை தோட்டத்துக் கங்காணி காளியப்பன்ர மகளும் இதே நோயாலை நேற்றிலையிருந்து நினைவில்லாமல் கிடக்கிறாளெண்டு தந்தி வந்திருக்கு. அடுத்த மருந்துக்கு மூண்டு மாசமாகும். ஆனா முதல்லை கேட்டது நீர். நீரே சொல்லும். சரோஜினி எப்பிடி?"

அம்பிகைபாகன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்றது பெற்ற மனசு. ஆனால் அங்கே கிடப்பதும் ஒருத்தன் பெற்ற பிள்ளைதானே!

"பதினொரு நாளா நீலம், டாக்டர்."

"மெய்யாகவோ? அப்ப மூண்டு மாசம் தாங்குவாள்."

"கொண்டு போங்கோ! கெதியா ஏறுங்கோ!"

பச்சைக் கொடியை அவரே வீசினார். ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வீசிக்கொண்டே நின்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தந்தி வந்தது. ஊசி போட்டாயிற்று, பிள்ளை கண் விழித்துவிட்டாள். அம்பிகைபாகன் தந்திக் காகிதத்தோடு குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். பாயில் சுருண்டு கிடந்த சரோஜினியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"எல்லா மருந்தையுமோ அப்பா?"

"ஓம் ராசாத்தி. உனக்குத்தான் இப்ப அவசரமில்லையே. ஒரு உயிரைக் காப்பாத்திப் போட்டம், தெரியுமோ!"

சரோஜினி மெல்லக் கையை நீட்டி அவர் நெற்றித் தழும்பைத் தடவினாள். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன.

"மத்தியானம் சாப்பிட்டீங்களோ?"

"வயிறு நிறைய. நீலமெண்டால் அப்பா சாப்பிடுவனெல்லோ?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நீங்கள் திரும்பவும் விழுந்திடுவீங்களெண்டு பயமாயிருந்தது... சீசாவிலை பிடிச்சது பூரணத்தின்ர, அப்பா."